அறுபது அடிதான், சகலை

தண்ணீருக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த என் சகலை சிவலிங்கத்துக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் கை வருகிறது. நலமா என்று கேட்டால் "செத்தவன்கிட்ட கேக்குற கேள்வியா சகல இது?" என்று சிரிப்பீர்கள். அதனால் கேட்கவில்லை. நான் இருக்கிறேன், முழங்கால்தான் சொன்னபடி கேட்பதில்லை. உங்கள் கொழுந்தியா பவளம் சுகம். அவளுடைய வாய் அதைவிடச் சுகம்.

படகு என்ன ஆச்சு என்றுதான் முதலில் தெரிந்துகொள்ள நினைப்பீர்கள். சொல்கிறேன், பொறுங்கள். அதற்கு முன்னால் உங்களிடம் நான் சொன்ன ஒரு பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. படகும் அந்தப் பொய்யும் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. பவளம் இதை வாசித்துவிட்டு நாலு பேரிடம் கொடுப்பாள், அவர்களுக்கும் விளங்க வேண்டும். ஆகவே உங்களுக்குத் தெரிந்த கதையையும் நடுநடுவே சொல்லிக்கொண்டு போவேன், அலுத்துக்கொள்ளாதீர்கள்.

முப்பது வருஷம் தோட்டத்துத் தொரை பங்களாவில் அப்புவாகச் சமைத்தீர்கள். தொரைமார் மாறினார்கள், நீங்கள் மாறவில்லை, உங்கள் கேரமல் புடிங்கும் மாறவில்லை. பங்களா ஹோட்டலாகப் போகிறது என்று ஆனதும், கடைசித் தொரை மவுஸ்ஸாக்கலை அணைத் தண்ணீரோரக் கொட்டகையில் கிடந்த பழைய பாய்மரப் படகை "இது அப்புவுக்கு" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். எந்தக் காலத்துத் தொரையோ திருகோணமலையிலிருந்து லொறியில் ஏற்றிக்கொண்டு வந்த மரப்படகு அது. உங்கள் வீட்டுக்காரி, என் பவளத்தின் அக்கா, போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. பங்களாவில் இருந்த அறையும் போனது. எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டேன்.

"கொழுந்தியா வீட்டுல ரெண்டு வாரத்துக்கு மேல இருந்தா மரியாத கெட்டுடும் சகல. நான் போட்டுலயே இருந்துக்கிறேன்" என்றீர்கள்.

மஸ்கெலியா பஜாரே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். நீங்கள் பாட்டுக்கு ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்துக்கொண்டிருந்தீர்கள். படுக்கிற இடம் காம்பரா. பின்னால் உட்காருகிற பள்ளம் இஸ்தோப்பு, நம் வீட்டு வாசல் திண்ணை மாதிரி. பாய்க்குப் படங்கு என்று பேர், கொழுந்து எடுக்கிற பெண்கள் இடுப்பில் கட்டுவதும் படங்குதானே. கடல்காரர்கள் இதற்கெல்லாம் என்ன சொல்வார்களோ, தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்த நமக்கு அது எதற்கு? ஒரு காம்பரா, ஒரு இஸ்தோப்பு, ஆக மொத்தம் தண்ணீரில் ஒரு லயம் என்று சொல்லிச் சொல்லி நீங்களே ரசித்தீர்கள்.

அப்புறம் நான் வந்தேன், உதவி செய்ய. அந்த உதவியை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. தேயிலை ஸ்டோரில் முப்பத்தாறு வருஷம் தூள் காய வைக்கிற டிரையர் பார்த்தவன் நான். ஈரம் என்றாலே எனக்கு ஆகாது. தூளில் ஈரம் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும், பெட்டி திரும்பி வரும், டீமேக்கரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். அப்படி வளர்ந்தவன் படகைத் தொட்டுப் பார்த்து, "பலக நல்லா காயணும் சகல, ஈரத்தோட வேல செஞ்சா நிக்காது" என்று பெரிய மனுஷன் மாதிரிச் சொன்னேன். கொட்டகையின் இரண்டு பக்கமும் அடுப்பு மூட்டி, ஒரு மாதம் விறகெரித்து, படகை வாட்டி எடுத்தேன். பலகைகளுக்கு நடுவில் விரல்நகம் போகிற அளவுக்கு இடைவெளி விழுந்தது. அதைப் பார்த்து எனக்கு ஒரே சந்தோஷம், இடைவெளி முழுக்க சீமெந்து மாதிரி இறுகுகிற பசையை வைத்துக் குத்தி அடைத்தேன்.

தண்ணீரில் இறக்கினோம், ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. மூன்று நாள் நான் பஜாரில் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். நாலாம் நாள் காலையில் இஸ்தோப்பில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து டப் என்று ஒரு சத்தம், பிறகு இன்னொன்று. காய்ந்த பலகை தண்ணீர் குடித்து ஊதியிருக்கிறது. ஊத இடமில்லாமல் ஒன்றை ஒன்று நெருக்கி, உள்ளே தாங்குகிற விலாக்கட்டை இரண்டை முறித்துவிட்டது. உங்கள் அரிசி, உங்கள் கம்பளி, அக்காவின் சேலை இருந்த தகரப்பெட்டி எல்லாம் முழங்கால் தண்ணீரில் மிதந்தன.

நீர்கொழும்பிலிருந்து வந்து இங்கே மீன் பிடிக்கிற பியசேன என்பவன் தன் தோணியைப் படகோடு ஒட்டி நிறுத்தி, பலகையை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான். "மே தே தளு நெமெய், அய்யே" என்றான். சிங்களத்தில், இது தேயிலைக் கொழுந்து இல்லை அண்ணே என்று. நான் வெட்கத்தில் தலை குனிந்து நின்றேன். நீங்களோ விழுந்து விழுந்து சிரித்தீர்கள். அந்தப் பசையை உளியால் கொத்தி எடுக்கவே எட்டு மாதம் ஆனது. பஜாரில் கேட்டவர்களிடமெல்லாம் "கட்டையில மோதிட்டேன்" என்று சொல்லி என் மானத்தைக் காப்பாற்றினீர்கள். அதற்கு நான் ஒரு நாளும் உங்களுக்கு நன்றி சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

அப்போதுதான் இரண்டு பேருக்கும் விளங்கியது. மரப்படகைக் காய விடக்கூடாது. பலகை நனைந்து ஊதித்தான் இடுக்கு மூடும். இடுக்கில் பஞ்சுத் திரியை மெதுவாக வைத்து, ஊத இடம் விட வேண்டும். எவ்வளவு செய்தாலும் கொஞ்சம் தண்ணீர் உள்ளே கசியும், அதைக் காலையிலும் மாலையிலும் கைப்பம்பால் இறைக்க வேண்டும். நம்முடைய படகுக்கு ஒரு வேளைக்கு அறுபது அடி. அறுபது தடவை பம்பை அடித்தால் காற்றுச் சத்தம் வரும், அதோடு அந்த வேளை முடிந்தது.

ஏழு வருஷம் அதிலேயே குடியிருந்தீர்கள். மழைக்கு முன்னால் அடிப்பகுதிக்குத் தார் பூசுவது, கிழிந்த படங்கைப் பவளத்தின் மெஷினில் தைத்து வாங்குவது, ஸ்டோரில் ஒதுக்கிய பல்சக்கரத்தை நங்கூரமாகப் போடுவது, எல்லாம் கை வந்துவிட்டது. அணைக்கட்டு ஆபீஸிலிருந்து ஒரு அதிகாரி மாத்தயா இங்கே குடியிருக்கக்கூடாது என்று சொல்ல வந்தார். நீங்கள் மண்ணெண்ணெய் குக்கரில் செய்த புடிங்கைச் சாப்பிட்டுவிட்டு, வந்த வேலையை மறந்து திரும்பிப் போனார். நான் காலையில் வந்தால் சாயங்காலம்தான் வீட்டுக்குப் போவேன். காற்று இருந்தால் படங்கை விரித்து அந்தக் கரை வரைக்கும் ஒரு ஓட்டம், காற்று இல்லாவிட்டால் இஸ்தோப்பில் உட்கார்ந்து சீட்டு. நாலு பேர் ஆட வேண்டிய முந்நூற்று நாலு சீட்டாட்டத்தை இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்து ஆடுகிற கோமாளிகள் இந்த மலையில் நாம் மட்டும்தான் இருந்திருப்போம்.

இனி அந்தப் பொய்க்கு வருகிறேன்.

போன ஆவணியில் உங்கள் மகள் தமயந்தி ராகலையிலிருந்து வந்து உங்களைக் கையோடு கூட்டிப் போனாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர், தனி வீடு, உங்களுக்கென்று ஒரு அறை. "இருமல் சத்தம் போன்லயே கேக்குதுப்பா, இந்த ஈரத்துல இனிமே இருக்க வேணாம்" என்றாள். பத்து நாள் பார்த்துவிட்டு, பிடித்தால் அங்கேயே இருந்துவிடுகிறேன் என்றீர்கள். படகை நான் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

தினமும் சாயங்காலம் போன் எடுத்தீர்கள். "பம்பு அடிச்சீங்களா சகல?" "அடிச்சேன்." "எத்தன?" "அறுபதுதான்." அதற்குப் பிறகு ராகலைப் புராணம். பைப்பைத் திறந்தால் சுடுதண்ணீர் வருகிறது, தோட்டத்தில் லீக்ஸ் கையளவு தடிப்பாக நிற்கிறது, தமயந்தி ஸ்கூல் விட்டு வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து சமைக்கிறீர்கள், அவள் உங்களுக்கே புடிங் செய்து கொடுத்தாள், அது கொஞ்சம் இறுகிப்போனது ஆனாலும் நல்லாயிருந்தது. நான் உம் கொட்டிக்கொண்டே கேட்டேன். பவளம் பூண்டுலோயாவில் ஒரு சடங்கு வீட்டுக்குப் போயிருந்தாள். மூன்று நாளாக விடாத மழை. இஸ்தோப்பில் தனியாக உட்கார்ந்து சீட்டைக் கலைத்துக் கலைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன்.

பத்தாம் நாள் நீங்கள் எத்தனை என்று கேட்டபோது, "தண்ணி பலக மேல வந்துருச்சு சகல, எனக்குக் கட்டுப்படல" என்று சொல்லிவிட்டேன்.

அன்றைக்கும் அறுபது அடிதான், சகலை.

ஏன் சொன்னேன் என்று என்னையே நூறு தடவை கேட்டுவிட்டேன். பயம் என்றோ மழை என்றோ சொல்லலாம், அதுவும் பொய்யாகிவிடும். நீங்கள் அங்கேயே இருந்துவிடுவீர்கள் என்று தெரிந்துவிட்டது. எனக்கு நீங்கள் இல்லாமல் இருக்க முடியவில்லை. உயிரோடு இருந்தபோது இதைச் சொல்ல வாய் வந்திருக்குமா? சொல்லியிருந்தால் நீங்கள் கேலி செய்தே என்னைக் கொன்றிருப்பீர்கள்.

மறுநாளே ராகலையிலிருந்து நுவரெலியா, ஹட்டன், மஸ்கெலியா என்று மூன்று பஸ் மாறி, ஒரு பை லீக்ஸோடு வந்து இறங்கினீர்கள். நேரே காம்பராவுக்குள் போய்த் தரைப்பலகையைத் தூக்கிப் பார்த்தீர்கள். கீழே வழக்கமான தண்ணீர்தான் கிடந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தீர்கள். "பரவாயில்லையே சகல, ஒரே நாள்ல வத்த வச்சிட்டீங்க" என்றீர்கள், அவ்வளவுதான். பிறகு சீட்டை எடுத்துக் கொடுத்தீர்கள். உங்களுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டதா? தெரிந்துகொண்டுதான் பேசாமல் இருந்தீர்களா?

கார்த்திகையில் ஒரு காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நெஞ்சடைப்பு, அதற்கும் ஈரத்துக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். தமயந்தி அதைக் காதில் வாங்கவில்லை. கருமாதி முடிந்து பந்தல் பிரிக்கும்போது என்னிடம் வந்தாள்.

"சித்தப்பா, எங்க வீட்டுக்கு வந்து பத்து நாள்ல ஓடிட்டாரு அப்பா. போட்டு தண்ணி குடிக்குதாம். என்னைய விட அவருக்கு அந்தப் பலகதான் பெருசா போச்சு. அத ஹோட்டல்காரங்க கேக்குறாங்களாம், புல்தரையில வச்சு உள்ள பூச்செடி நடப் போறாங்களாம். குடுத்துருங்க."

அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் படகும் போகும், அவளும் போவாள் என்று கணக்குப் போட்டேன். "வெயில்ல தண்ணி எறங்கி போட்டு தர தட்டிரும், வைகாசி மழ வரைக்கும் டைம் குடு பாப்பா. தண்ணி ஏறி அது மெதந்தா பேசுவோம். மெதக்கலன்னா நானே ஹோட்டலுக்குத் தள்ளிக்கிட்டுப் போய்க் குடுக்குறேன்" என்று மட்டும் கேட்டேன். சரி என்று தலையாட்டினாள், என் முகத்தைப் பார்க்கவில்லை.

வேளைக்கு அறுபது அடி யார் அடிப்பது? நடந்து வந்து நடந்து போக முழங்கால் விடவில்லை. உங்கள் கம்பளியை எடுத்து விரித்து அங்கேயே படுக்கத் தொடங்கினேன். "ரெண்டாவது குடும்பம் வச்சிருக்காரு" என்று பவளம் லயம் முழுக்கச் சொல்லிவிட்டாள். சொன்னாலும் மத்தியானச் சோறு தவறாமல் வந்தது. மழை பெய்தால் தலைமாட்டில் ஒழுகுகிறது என்பதை நீங்கள் என்னிடம் சொன்னதே இல்லையே சகலை, ஏன்?

தையிலிருந்து வானம் வறண்டது. போதாததற்கு அணையில் ஏதோ கதவு வேலை என்று தண்ணீரையும் இறக்கினார்கள். மாசியில் படகு சேற்றில் குந்திவிட்டது, சாய்ந்துவிடாமல் இரண்டு பக்கமும் சவுக்குக் கட்டை முட்டுக் கொடுத்தேன். பங்குனியில் தண்ணீர் கால் மைலுக்கு அந்தப் பக்கம் போனது. அணை கட்டியபோது பழைய ஊரோடு முங்கிய கோயில் வெளியே தெரிந்தது, பார்க்க ஹட்டனிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் நம்முடைய படகையும் பழைய ஊரோடு முங்கியது என்று நினைத்துப் படம் பிடித்தார்கள். ஒரு அம்மா உள்ளே எட்டிப் பார்த்து, நான் சவரம் செய்துகொண்டிருப்பதைக் கண்டு கத்தியே விட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்தாலும் அடுத்த நிமிஷம் பலகையைத்தான் தொட்டுப் பார்த்தேன். வெயிலில் பலகை வாடத் தொடங்கினால் இடுக்கு திறக்கும். ஒரு காலத்தில் விறகெரித்து வாட்டியவன் நான், இப்போது வாடாமல் காக்க வேண்டும். படங்கை விரித்து மேலே பந்தல் போட்டேன். பவளம் கொழுந்துக்காரிகளிடம் பழைய சாக்குகளை வாங்கிச் சேர்த்தாள். அவற்றை நனைத்து உள்ளேயும் வெளியேயும் போர்த்தினோம். ஒரு நாளைக்கு இருபது வாளி, சேற்றில் கால் மைல் சுமந்து வந்து ஊற்றினேன். சித்திரை வெயில் அதையும் மீறிக் குடித்தது. இரண்டு இடத்தில் விரல்நகம் உள்ளே போனது, அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

வைகாசியில் மழை பிடித்தது. மலையேறுகிற யாத்திரை சீசன் முடிகிற வெசாக் வாரம், புத்தர் பண்டிகைக்குப் பஜாரெல்லாம் காகித விளக்குக் கூடு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். தண்ணீர் ஒரு நாளைக்கு ஒரு முழம் ஏறிப் படகைத் தொட்டது. தமயந்திக்குப் போன் எடுத்தேன். பள்ளிக்கூடம் லீவு, சனிக்கிழமை காலையில் குடையும் கைப்பையுமாக வந்து நின்றாள். இந்த ஏழு வருஷத்தில் அவள் படகில் கால் வைத்தது அன்றுதான். குனியச் சொல்வதற்குள் நெற்றியில் இடித்துக்கொண்டாள்.

தண்ணீர் ஏற ஏற, பலகை இடுக்கெல்லாம் உள்ளே பீச்சியடித்தது.

"இது என்ன சித்தப்பா, சல்லடையா?"

"ரெண்டு நாள் பொறு பாப்பா. பலக ஊறணும், ஊறினாத்தான் மூடும். அதுவரைக்கும் எறச்சுக்கிட்டே இருக்கணும்."

நான் பம்பை அடித்தேன், அவள் வாளியை எடுத்தாள். நான் கேட்கவில்லை, அவளாகத்தான் எடுத்தாள். இரண்டு மணி நேரம் இறைத்தோம். பிறகு குனிந்தபடியே கேட்டாள்.

"அப்பாவுக்கு என் வீட்டுல நான் என்ன கொற வச்சேன் சித்தப்பா?"

இதற்குமேல் எப்படி மறைப்பது சகலை? பம்பை நிறுத்தினேன். "நீ ஒரு கொறையும் வைக்கல. நான்தான் கூப்பிட்டேன். தண்ணி வந்துருச்சுன்னு பொய் சொல்லிக் கூப்பிட்டேன். எனக்குத் துணைக்கு ஆள் இல்ல பாப்பா, அதான்" என்றேன்.

அவள் வாளியைக் கீழே வைத்தாள். "சாதாரணமா எத்தன அடி அடிப்பீங்க?"

"அறுபது."

"அன்னைக்கு?"

"அறுபது."

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிக் கரைக்குப் போனாள். குடையைக்கூட எடுக்கவில்லை. முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றேன், கூப்பிட வாய் வரவில்லை. இருட்டும் வரைக்கும் அடித்தேன். தண்ணீர் தரைப்பலகைக்கு மேலே வந்தது. பொய்யாகச் சொன்னது இப்போது உண்மையாகவே காலை நனைத்தது. இனி ஹோட்டல் புல்தரைதான் என்று முடிவு கட்டிக்கொண்டு, உங்கள் கம்பளியை மட்டும் நனையாமல் மேலே கட்டி வைத்தேன். அழுதேன் சகலை, இதில் என்ன வெட்கம்.

மறுநாள் விடிந்ததும் கரையிலிருந்து ஆள் வருகிறது. பவளத்தின் பழைய பாவாடை, இடுப்பில் படங்கு, கையில் இரண்டு வாளி. தமயந்திதான். ராத்திரி வீட்டில் பவளத்தோடு படுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

"நவருங்க" என்றாள். "மன்னிச்சிட்டேன்னு சொல்ல வரல. தண்ணி ஏறுது, அதான் வந்தேன்."

ஞாயிறு முழுக்க இறைத்தோம். கை கொப்புளித்துத் துணி சுற்றிக்கொண்டு இறைத்தாள். பிடிவாதத்தில் உங்களை உரித்து வைத்திருக்கிறாள். மத்தியானம் பவளம் கொண்டு வந்த ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "அங்க இருந்தப்ப உங்ககிட்ட போன்ல என்ன சொல்லுவாரு?" என்று கேட்டாள். சுடுதண்ணீரைச் சொன்னேன், லீக்ஸைச் சொன்னேன். புடிங்கையும் சொன்னேன். இறுகிப்போனதை விட்டுவிட்டு நல்லாயிருந்தது என்பதை மட்டும் சொன்னேன். "இறுகிப் போச்சு, எனக்கே தெரியும்" என்றாள், வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்து வாளியை எடுத்தாள்.

அன்று சாயங்காலம் ஐந்நூறு அடி அடித்தும் காற்றுச் சத்தம் வரவில்லை. திங்கள் காலை முந்நூறில் வந்தது. பத்து மணி வாக்கில் படகு ஒரு குலுங்கு குலுங்கியது. முட்டுக் கொடுத்த சவுக்குக் கட்டைகள் தானாக விலகி மிதந்தன. படகின் அடிப்பாகம் சேற்றை விட்டு எழும்பிவிட்டது. தமயந்தி பயந்துபோய் என் கையைப் பிடித்தாள், பிடித்த கையை உடனே விடவில்லை. மத்தியானம் நூறு அடி. இடுக்கில் விரலை வைத்துப் பார்த்தேன், நகம் போகவில்லை.

படகு மிதக்கிறது, சகலை.

ஹோட்டல் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. களைப்பில் காம்பராவுக்குள் போனாள். நான் இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"சித்தப்பா, அப்பா எந்தப் பக்கம் தல வச்சுப் படுப்பாரு?"

"இஸ்தோப்பு பக்கம், பாப்பா" என்றேன். உள்ளே அவள் திரும்பிப் படுக்கிற சத்தம் கேட்டது. என் முதுகுக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி அவளுடைய தலை. கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டாள். ராகலைக்குக் கடைசி பஸ் போகிற நேரம் வந்தது. எழுப்பவா வேண்டாமா என்று யோசித்தேன். இருக்கச் சொல்ல எனக்கு ஆசைதான், ஒரு பேச்சுத்துணை ஆகும். ஆனாலும் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுப்பிச் சொன்னேன். அவள் கண்ணைத் திறக்காமலே, "நாளைக்கும் லீவுதான் சித்தப்பா" என்றாள்.

இப்போது ஆனி பிறந்துவிட்டது. அவள் ராகலையில்தான் இருக்கிறாள், இருக்கவும் வேண்டும். ஆகஸ்ட் லீவுக்கு வருகிறேன் என்றிருக்கிறாள், படங்கை விரித்து அந்தக் கரைக்கு ஓட்டிக் காட்ட வேண்டுமாம். வராவிட்டாலும் போன் எடுத்து வரச் சொல்ல மாட்டேன். காலையிலும் மாலையிலும் பம்பை அடிக்கிறேன். படகைக் காய விடமாட்டேன், அதில் சந்தேகம் வேண்டாம்.

உங்களுக்கு ஒரு சத்தியம் செய்கிறேன், சகலை. இனி யாரையும் அவர்கள் சந்தோஷமாக இருக்கிற இடத்திலிருந்து எனக்காகக் கூப்பிட மாட்டேன். சீட்டைக் கையில் எடுக்கிற ஒவ்வொரு நாளும் உங்களைக் கூப்பிடத்தான் தோன்றுகிறது. உங்களையும் கூப்பிட மாட்டேன். அக்காவோடு அங்கேயே இருங்கள்.

உங்கள் கொழுந்தியாளைக் கட்டியவன்,
உங்கள் சகலை,
ராமையா